மீன் முட்டையைத் தரம் பிரிக்கும் கேமராவும் நம் பொரிப்பகங்களும்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை அலுவலர்களுக்கும், நாகப்பட்டினத்திலுள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் நார்வேயில் சால்மன் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றின் முட்டைப் பிரிவில் பணியாற்றும் தமிழன். மீன் முட்டைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, உயிருள்ளதையும் இறந்ததையும் நொடிப்பொழுதில் பிரித்து ஒதுக்கும் கேமரா இயந்திரங்களோடு அன்றாடம் புழங்குபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஊரில் மீன் வளர்க்கும் நண்பர்கள் இவ்வியந்திரங்களின் காணொளிகளை எனக்கு அனுப்பி, இவை நம் பொரிப்பகங்களுக்கும் பயன்படுமா என்று கேட்கிறார்கள். பயன்படும் என்பதே என் விடை. ஆனால் சால்மனுக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தை அப்படியே வாங்கி வைத்தால், நம் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உதவாது. கெட்ட முட்டையை ஒதுக்கும் வேலையைக் காட்டிலும், எத்தனை முட்டை கருவுற்றது, எத்தனை இறந்தது, எந்தத் தாய்மீனின் முட்டை எப்படி இருந்தது என்ற நம்பத்தக்க கணக்கைத் தரும் வேலைக்கே கேமரா நமக்கு முதலில் தேவைப்படுகிறது. அரசுப் பணம் செலவாவதற்கு முன் இவ்வேறுபாடு தங்கள் கவனத்துக்கு வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இயந்திரம் சால்மனிலும், அதன் உறவு மீனான டிரவுட்டிலும் வெற்றி பெற்றதற்குக் காரணம் அம்மீன்களின் முட்டையே. சால்மன் முட்டை 5 முதல் 6 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. வானவில் டிரவுட்டின் முட்டை அதைவிடச் சற்றுச் சிறியது. இரண்டும் குளிர்ந்த நீரில் மெதுவாக வளர்கின்றன. 10 டிகிரி செல்சியஸ் நீரில் வானவில் டிரவுட்டின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதில் பாதி நாள் கடந்த பிறகு ஓட்டின் வழியே கருவின் இரண்டு கண்களும் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். கருவுற்ற ஓரிரு நாளிலிருந்து இந்தக் கண்புள்ளிப் பருவம் வரும்வரை முட்டையை அசைத்தாலே கரு இறந்துவிடும். கண்புள்ளி வந்தபின் அதே முட்டை வியக்கத்தக்க அளவுக்கு உறுதியாகிவிடுகிறது. ஈரத்துணியிலும் பனிக்கட்டியிலும் வைத்துக் கண்டம்விட்டுக் கண்டம் அனுப்பினாலும் தாங்குகிறது.

அப்பருவத்தில் பொரிப்பகத்தார் முட்டைகளை வேண்டுமென்றே அதிர்ச்சிக்கு உள்ளாக்குவார்கள். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தொட்டிக்குச் சற்று உயரத்திலிருந்து கொட்டினால், கருவுறாத முட்டைகளின் உட்சவ்வு கிழிந்து உள்ளே நீர் புகும். உப்புச்செறிவில் கரைந்திருந்த மஞ்சட்கருப் புரதம் நீர் கலந்தவுடன் திரிந்து, முட்டை முழுவதும் வெள்ளையாகிவிடும். கரு உள்ள முட்டைக்கு இந்த அதிர்ச்சியால் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் காத்திருந்தால் வெள்ளை முட்டைகள் தாமாகவே அடையாளம் காட்டி நிற்கும். அவற்றை உடனே அகற்றாவிட்டால் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூஞ்சை அவற்றின்மேல் பஞ்சுபோல் படர்ந்து, பக்கத்திலுள்ள உயிருள்ள முட்டைகளையும் சுற்றி மூச்சுத்திணறச் செய்து கொன்றுவிடும். இதைத் தடுக்க ஒரு காலத்தில் மாலகைட் பச்சைச் சாயத்தைப் பயன்படுத்தினார்கள். உணவு மீன்களில் அதைப் பயன்படுத்துவதைப் பல நாடுகள் தடைசெய்த பிறகு ஃபார்மலின் அந்த இடத்துக்கு வந்தது. ஃபார்மலின் மீனின் பூஞ்சையைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. அதைக் கையாளும் தொழிலாளியின் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது கேடு என்பதும் உண்மை. இறந்த முட்டைகளை விரைவாகவும் முழுமையாகவும் அகற்றுவது மருந்தின் தேவையையும் குறைக்கிறது. தரம் பிரிக்கும் இயந்திரத்தின் பயன்களில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான், ஆனால் விற்பனை விளம்பரங்கள் இதைப் பேசுவது குறைவு.

பழைய ஒளியுணர் இயந்திரங்கள் முட்டையின் ஊடே ஒளியைச் செலுத்தி, ஒளி கடந்து வந்தால் உயிருள்ளது, தடைபட்டால் இறந்தது என்று மட்டுமே முடிவெடுத்தன. இப்போதைய இயந்திரங்களில் துளைகள் கொண்ட சுழல்தட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக ஏந்திச் செல்ல, கேமரா படமெடுக்கிறது. மென்பொருள் கண்புள்ளியைத் தேடுகிறது, முட்டையின் அளவை அளக்கிறது, இரட்டைக் கருவையும் வடிவக் குறைகளையும் குறித்துக்கொள்கிறது. பிறகு நீர்ப் பீச்சோ காற்றுப் பீச்சோ அம்முட்டையை உரிய குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் வளர்க்கும் ஒரு நாட்டில், இத்தனை முட்டைகளைக் கையால் பொறுக்கி முடிக்க இயலாது என்பதால் இது தவிர்க்க முடியாததாயிற்று.

கேமராவுக்கு எது தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தவறான நம்பிக்கை மிகுந்த இழப்பைத் தரும். முட்டையின் வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்லும் நோய்க்கிருமி கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. சிறுநீரகத்தைத் தாக்கும் பாக்டீரியா நோயும், ஐ.பி.என் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணைய நச்சுயிரி நோயும் குற்றமே காணமுடியாத அழகான முட்டையோடு வரலாம். அவற்றைத் தடுப்பது தாய்மீன்களைத் தனித்தனியாகப் பரிசோதிக்கும் வழக்கம்தான். நார்வேயில் ஐ.பி.என் நோய் வெகுவாகக் குறைந்ததில் பெரும்பங்கு, அந்நோயைத் தாங்கும் மரபுக்கூறு கண்டறியப்பட்டு, அதை உடைய தாய்தந்தை மீன்களைத் தேர்ந்தெடுத்ததற்கு உரியது. எந்த முட்டைக் கேமராவும் அதைச் செய்யவில்லை. முட்டைப் பருவத்தில் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பின்னாளில் முதுகெலும்பு கோணலாகும் குஞ்சும், முட்டையாக இருக்கும்போது பிறவற்றைப் போலவேதான் தோன்றும்.

அளவைக் கொண்டு முட்டையை ஒதுக்குவதிலும் ஓர் இடர் இருக்கிறது. முட்டையின் அளவு பெரும்பாலும் தாயின் வயதையும் உடலளவையும் பொறுத்தது. முதல்முறை சினை பிடிக்கும் இளந்தாய் சிறிய முட்டைகளையே இடும். எனவே சிறு முட்டைகளை எல்லாம் தள்ளிவிடு என்று இயந்திரத்துக்குக் கட்டளையிட்டால், நம்மை அறியாமலேயே சில தாய்மீன்களின் வழிவந்த குஞ்சுகளை மொத்தமாக நீக்கிவிடுகிறோம். பெரிய இருப்பு உள்ள நிறுவனம் இதைத் தாங்கும். சில நூறு தாய்மீன்களை மட்டும் நம்பியிருக்கும் பொரிப்பகத்தில், சில தலைமுறைகளுக்குள் உறவினத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்து வளர்ச்சியும் பிழைப்பும் குன்றும்.

இனி நீலகிரியிலுள்ள அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகத்துக்கு வருகிறேன். நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 19ஆம் நூற்றாண்டிலேயே மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த ஹெச். சி. வில்சனின் காலத்தில்தான் அது கைகூடியது. அங்கே வேரூன்றிய வானவில் டிரவுட்டின் மூதாதையர் கண்புள்ளி முட்டைகளாகக் கடல் கடந்து வந்தவர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெப்பமண்டல மலையில் தாக்குப்பிடித்த அந்த மீன் வரிசைக்கு, பொரிப்பகத்தின் இன்றைய உற்பத்தி எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் விலைமதிக்க முடியாத பெறுமானம் உண்டு என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் கேமராவால் தரம் பிரிப்பது முட்டையின் இயல்புக்கே பொருந்திவரும் இடம் ஒன்று உண்டென்றால் அது அவலாஞ்சி. ஆயினும் அங்கே பெரிய இயந்திரம் வேண்டாம் என்றே சொல்வேன். இமாச்சலப் பிரதேசத்தின் பட்லிகுலில் 1980களின் இறுதியில் நார்வேயின் துணையோடு டிரவுட் வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டுக்குள் வந்த மிகப் பயனுள்ள சொத்து செயல்முறை அறிவுதான். அவலாஞ்சிக்கும் முதலில் தேவைப்படுவது, அடியிலிருந்து ஒளி வரும் ஒரு தட்டு, அசையாத தாங்கியில் ஒரு கேமரா, ஒவ்வொரு தாய்மீனின் முட்டையையும் தனித் தட்டில் வைத்துக் கண்புள்ளிப் பருவத்தில் படமெடுத்துப் பதிவுசெய்யும் வழக்கம் ஆகிய மூன்றே. முட்டையைப் பொறுக்குவது கையாலேயே நடக்கட்டும். ஒரு பருவம் முழுதும் இப்படிச் செய்தால், எந்தத் தாயின் முட்டைகள் நன்கு கருவுற்றன, இறப்பு எந்த நாளில் கூடியது, அன்று நீரின் வெப்பம் எவ்வளவு என்பவை எல்லாம் தெரிந்துவிடும். அக்கணக்கு கையில் இல்லாமல் வாங்கும் இயந்திரம் இறந்த முட்டைகளை வேகமாக அள்ளிக் கொட்டுமே தவிர, அவை ஏன் இறந்தன என்பதைச் சொல்லாது.

சால்மன் முட்டைகளின் படங்களால் பயிற்சி பெற்ற மென்பொருளை அங்கே அப்படியே இயக்குவதிலும் சிக்கல் உண்டு. முட்டையின் செம்மஞ்சள் நிறம் தாய்மீன் உண்ட தீவனத்திலுள்ள அஸ்டாக்சாந்தின் போன்ற நிறமிகளிலிருந்து வருவது. நிறமி சேர்க்காத தீவனத்தில் வளர்ந்த டிரவுட் வெளிர்மஞ்சள் முட்டையை இடும். அம்முட்டை முழு உயிரோடு இருக்கலாம். ஆழ்ந்த செம்மஞ்சளையே நலத்தின் அடையாளமாகக் கற்ற மென்பொருள் அதை ஐயத்துக்குரியது என்று தள்ளிவிடும். நீர்க்குமிழியும், ஓட்டில் ஒட்டிய வண்டலும் கண்புள்ளியாகத் தோன்றுவதுண்டு. நம் முட்டையை நம் நீரில், நம் ஒளியில் படமெடுத்துப் பயிற்றுவித்த மென்பொருளே நமக்குப் பயன்படும்.

இயந்திரத்தின் துல்லியத்தை எப்படிக் கேட்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் 99 விழுக்காடு துல்லியம் என்ற ஒற்றை எண் இடம்பெற்றால் அதற்குப் பொருளே இல்லை. ஒரு லட்சம் முட்டைகளில் 10,000 இறந்தவை என்று கொள்வோம். இருவகை முட்டைகளிலும் நூற்றுக்கு 99-ஐச் சரியாக இனங்காணும் இயந்திரம் இறந்தவற்றில் 9,900-ஐ அகற்றி, 100-ஐ நல்லவற்றோடு விட்டுவிடும். அதே வேளையில் உயிருள்ள 90,000-இல் 900-ஐத் தவறாக வெளியே தள்ளும். அதாவது குப்பைக்குப் போகும் 10,800 முட்டைகளில் 900 உயிருள்ளவை. விட்டுப்போன 100 இறந்த முட்டைகள் பூஞ்சையின் விதைகள். தள்ளப்பட்ட 900 உயிருள்ள முட்டைகள் நேரடி இழப்பு. இவ்விரு பிழைகளில் எது தாங்கத்தக்கது என்பது பொரிப்பகத்துக்குப் பொரிப்பகம் மாறும். முட்டை மிகுந்த இடத்தில் இரண்டாவது பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். அவலாஞ்சி போன்ற அரிய இருப்பில் ஒதுக்கியவற்றை மறுமுறை இயந்திரத்தில் விடவோ, மனிதக் கண்ணால் பார்க்கவோ வேண்டும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவதானாலும் இரு பிழைகளையும் தனித்தனியாக எழுதித் தரச்சொல்லுங்கள். உயிருள்ளவையா இறந்தவையா என்று முன்பே தெரிந்த நம் முட்டைகளைக் கலந்து கொடுத்து, நம் பொரிப்பகத்திலேயே சோதித்த பின்புதான் பணம் தரப்படும் என்று நிபந்தனை விதியுங்கள். எடுக்கப்படும் படங்களும் அவற்றின் கணக்கும் துறைக்கே உரியவை என்பதும், மென்பொருளின் அளவுகோல்களைப் பொரிப்பகத்தாரே மாற்றிக்கொள்ள முடியவேண்டும் என்பதும் அந்த ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். படங்கள் விற்பனையாளரிடம் தங்கிவிட்டால், நம் மீனைப் பற்றிய அறிவை நாமே ஆண்டுதோறும் வாடகைக்கு வாங்கிக்கொண்டிருப்போம்.

டிரவுட் மலைமேல் வளரும் சிறு தொகை. நம் மாநிலத்தின் உணவு மீன் வளர்ப்பு கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளின்மேலும், கடலோரத்தில் கொடுவா போன்ற மீன்களின்மேலும் நிற்கிறது. இவற்றின் முட்டைக்குச் சால்மன் இயந்திரம் முற்றிலும் பொருந்தாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி கெண்டை மீன்களுக்கு மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியிட்டு முட்டையிட வைத்ததிலிருந்து தூண்டல் இனப்பெருக்கம் நாடெங்கும் பரவியது; அந்த நாளையே தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் கெண்டையின் முட்டை நீரை உறிஞ்சி 4 முதல் 5 மில்லிமீட்டராக உப்பி, மெல்லிய ஓட்டோடு நீரில் உருண்டுகொண்டே இருக்கும். நம் வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். அதிர்ச்சி கொடுத்து ஒரு நாள் காத்திருந்து பொறுக்குவதற்கு அங்கே நேரமே இல்லை. கொடுவாவின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதுவும் ஏறத்தாழ அதே நேரத்தில் பொரிகிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதன் கருவுற்ற முட்டை கடல்நீரில் மிதக்கும், கெட்டது அடியில் தங்கும் என்பதால், காற்றோட்டத்தை நிறுத்திச் சிறிது நேரம் விட்டாலே நீரே அதைத் தரம் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அந்த வேலைக்குக் கேமராவை வாங்குவது வீண்செலவு.

அங்கே கேமரா வேறொன்றைச் செய்ய முடியும். நுண்ணோக்கியில் பொருத்திய கேமராவால் கொடுவா முட்டையின் முதற்செல் பிளவுகள் சமச்சீராக இருக்கின்றனவா, எண்ணெய்த்துளி ஒன்றாக இருக்கிறதா பலவாகச் சிதறியிருக்கிறதா என்று மாதிரி முட்டைகளில் அளந்து, அந்த முட்டைத் தொகுதி வளர்ப்புத் தொட்டிக்குச் செல்லத் தகுந்ததா என்பதை முன்கூட்டியே மதிப்பிடலாம். கெண்டைப் பொரிப்பகத்தில் வேலை இன்னும் எளியது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் ஓர் அளவுக்குவளை முட்டைகளை வெண்தட்டில் பரப்பி, அடியொளியில் கைப்பேசியால் படமெடுத்தாலே, தெளிந்த முட்டைகளையும் வெளுத்த முட்டைகளையும் மென்பொருள் தனித்தனியே எண்ணிவிடும். நுண்மீன் குஞ்சுகளையும் அவ்வாறே எண்ணலாம். இதற்குச் சுழல்தட்டும் வேண்டாம், நீர்ப்பீச்சும் வேண்டாம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு முட்டைப் பருவத்துக்குள் செய்துமுடிக்கக்கூடிய பணி இது. மேட்டூர், ஆழியாறு, பவானிசாகர் போன்ற இடங்களின் அரசு மீன்பண்ணைகள் அவர்களுக்கு முட்டையையும் இடத்தையும் தந்தால் போதும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் குஞ்சு வாங்கும் விவசாயி. அவர் லட்சக்கணக்கில் நுண்மீன் குஞ்சுகளுக்கு விலை கொடுக்கிறார். ஆக்சிஜன் நிரப்பிய பையில் இருப்பது எத்தனை என்பதைக் குவளைக் கணக்கை நம்பியே ஏற்றுக்கொள்கிறார். ஒரு குவளையிலுள்ளதை எண்ணிப் பிறவற்றுக்கும் அதையே பெருக்குவது பழைய வழக்கம். கை அழுத்தமாக அள்ளினால் ஓர் எண், நீரோடு அள்ளினால் வேறோர் எண். கருவுற்ற விகிதம் எவ்வளவு, பொரிந்த விகிதம் எவ்வளவு என்பது அவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. நாற்றங்கால் குளத்தில் குஞ்சுகள் பிழைக்காதபோது, குளத்தில் கோளாறா, குஞ்சில் கோளாறா என்று கண்டறிய அவருக்கு எந்த ஆதாரமும் இருப்பதில்லை. பழி பெரும்பாலும் அவருடைய குளத்தின்மேலேயே விழுகிறது. நெல் விதை மூட்டையில் முளைப்புத்திறன் அச்சிடப்பட்டிருப்பதைப் போல, மீன்குஞ்சுப் பையோடு வரும் ரசீதிலும் எண்ணிக்கை, கருவுற்ற விகிதம், பொரிந்த நாள், தாய்மீன் தொகுதியின் எண் ஆகியவை இருக்க வேண்டும். அரசுப் பண்ணைகள் இதைத் தாமாக முன்வந்து தொடங்கினால், தனியார் பொரிப்பகங்களிடமும் விவசாயிகள் அதையே கேட்பார்கள்.

முட்டை பொறுக்குவோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்நீரில் விரல் மரத்துப்போக, விளக்கொளியில் கண்ணைக் கூர்மையாக்கி, இடுக்கியாலும் உறிஞ்சுகுழலாலும் வெள்ளை முட்டைகளை எடுப்பது கடினமான, நுட்பமான வேலை. பல பருவங்கள் அவ்வேலையைச் செய்தவர்களுக்குப் பூஞ்சை தொடங்கும் முன்பே முட்டையின் நிறமாற்றம் தெரிந்துவிடும். மென்பொருளுக்குப் பயிற்சி தரும்போது, இந்த முட்டை உயிருள்ளது, இது இறந்தது, இது ஐயத்துக்குரியது என்று ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பெழுத வேண்டியவர்கள் அவர்களே. அதற்கு உரிய ஊதியமும் தரப்பட வேண்டும். கல்லூரி முடித்து வந்த ஒருவர் கணினியின் முன் அமர்ந்து ஊகித்து எழுதும் குறிப்பைவிட அவர்களுடைய குறிப்பு நம்பத்தக்கது. இயந்திரம் வந்த பின்பும் அது தவறுகிறதா என்று நாள்தோறும் ஒரு மாதிரியை எடுத்துச் சரிபார்க்கும் பொறுப்பில் அவர்களை அமர்த்துங்கள். கேமராவின் கண்ணாடியில் உப்புப் படிந்தாலோ, விளக்கு மங்கினாலோ பிழை மெல்லக் கூடும். சரிபார்ப்பவர் இல்லாத இடத்தில் அது குஞ்சுகள் குறைந்த பிறகே தெரியவரும்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில் பொரிப்பகங்கள் அமைக்கப் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் தர வகைசெய்யப்பட்டது. மானியம் பெறும் பொரிப்பகம் ஒவ்வொன்றும் கருவுற்ற விகிதத்தையும் பொரிந்த விகிதத்தையும் படத்தோடு பதிவுசெய்து துறைக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது. அப்படிச் சேரும் படங்களைப் பல்கலைக்கழகம் ஓரிடத்தில் தொகுத்து, எந்தப் பொரிப்பகமும் மாணவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட வேண்டும்.

வரும் பருவத்துக்கு முன் மூன்று செயல்களைத் தங்களிடம் கேட்கிறேன். அவலாஞ்சியில் தாய்மீன் வாரியாகக் கண்புள்ளி முட்டைப் படப்பதிவைத் தொடங்குங்கள். ஓர் அரசுக் கெண்டைப் பண்ணையைத் தேர்ந்து, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தட்டு-கைப்பேசி முறையைச் சோதித்து, கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். அம்முடிவுகள் வரும்வரை தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கான கொள்முதலை நிறுத்திவையுங்கள். படமெடுக்கும் முறை, ஒளியமைப்பு, பிழையைச் சோதிக்கும் விதம் ஆகியவற்றில் என்னாலான விளக்கங்களைத் தமிழிலேயே எழுதித் தரவும், பொரிப்பகப் பணியாளர்களுக்கு இணையவழியில் பயிற்சி தரவும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நார்வேயில் சால்மன் பொரிப்பகம் ஒன்றில் பணியாற்றும் தமிழன்